யாருக்கும் சொந்தமில்லாத மொழி

போன வாரம் அலுவலக கேன்டீனில் லக்னோ நண்பர் ஆரம்பித்தார். "நாடு முழுக்க இந்தி பொதுவா இருந்தா எவ்வளவு வசதி! உங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?" புனே வந்து பதினேழு வருஷமாச்சு, இந்தக் கேள்வி மட்டும் மாறவே இல்லை.

"சரிங்க, எஸ்பெராண்டோ படிப்போமா? நீங்களும் முதல் பாடத்திலிருந்து, நானும் முதல் பாடத்திலிருந்து" என்றேன். சிரித்துவிட்டார். நான் பாதிதான் விளையாட்டாகச் சொன்னேன்.

எஸ்பெராண்டோவை உருவாக்கிய சாமென்ஹாஃப் ஒரு கண் மருத்துவர். பிறந்த ஊர் பியாலிஸ்டாக், அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. ஒரே ஊருக்குள் இத்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் என்று நாலு மொழி, ஓயாத மனஸ்தாபம். யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒன்று எல்லோருக்கும் இரண்டாம் மொழியானால் சண்டை குறையுமே என்று நினைத்தார். 1887ல் வார்சாவில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இலக்கணம் மொத்தம் 16 விதிகள்தான். (ஆங்கில ஸ்பெல்லிங்கோடு மல்லுக்கட்டும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.)

அதிலும் குறை உண்டு. சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. இத்தாலிக்காரருக்குப் பாதி விலை, நமக்கு முழு விலை. படித்தால் வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நியாயம் பெரியது. பொதுமொழி வேண்டுமென்றால் அதைக் கற்கும் பாட்டையும் பொதுவில் பங்கு போட வேண்டும். ஒருவர் தாய்மொழியிலேயே பரீட்சை எழுத, இன்னொருவர் அதே மொழியைக் கற்றுக்கொண்டு எழுதினால் அது என்ன போட்டி? 1965ல் தமிழ்நாட்டு மாணவர்கள் கேட்டதும் இதைத்தானே? ஆங்கிலம் தொடர 1967ல் சட்டத் திருத்தம் வந்தது. ஆங்கிலமும் கான்வென்ட் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரே விலை இல்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஊரிலிருந்து அம்மா போனில். "சாப்டியாடா கண்ணு?" என் பெண் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அம்மா என்னிடம், "என்னப்பா சொல்றா?" என்கிறாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன்!

சாமென்ஹாஃப் கேட்டது இரண்டாம் மொழிக்கு ஓர் இடம்தான், வீட்டு மொழியை விடச் சொல்லவில்லை. என் வீட்டில் தமிழை யாரும் தடுக்கவும் இல்லை. நான்தான் நேரமில்லை என்று விட்டுவிட்டேன். இன்று முதல் ராத்திரிச் சாப்பாடு முழுக்கத் தமிழில் என்று சொல்லியிருக்கிறேன். முதல் நாள் மூன்று பேரும் பேசாமலே சாப்பிட்டோம்.

நாளைக்குப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் எப்படி?