மோதிரத்துக்குள் நுழையும் சால்வை

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, கடல் நடுவில் இருக்கிறது ஷெட்லாந்து தீவுக்கூட்டம். நடுக்குளிரில் அங்கே பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. அதனால் இலையுதிர் காலம் வந்ததுமே, வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் கைவேலைகளுக்கு மவுசு கூடிவிடும். அதில் முதலிடம் கம்பளிக்கு. 2010-ல் தொடங்கிய ‘ஷெட்லாந்து கம்பளி வாரம்’ நடப்பதும் இந்தப் பருவத்தில்தான். செப்டம்பர் கடைசியில் பல நாடுகளிலிருந்து ஊசியும் நூலுமாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது அந்தக் கம்பளியில்?

ஷெட்லாந்து ஆடு உருவத்தில் சிறியது. அதன் ரோமம் ரொம்ப மென்மை. வெள்ளை, கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு என இயற்கையாகவே பல நிறங்கள் உண்டு. கோடையில் தானாகத் தளரும் ரோமத்தை, கத்தரி போடாமல் கையாலேயே உருவி எடுப்பது அந்தக் கால வழக்கம். அதைச் சீவி, ராட்டையில் மெல்லிய இழையாக நூற்பார்கள். அந்த இழையில் பின்னிய பெரிய சால்வையைக் கல்யாண மோதிரத்துக்குள் விட்டு மறுபக்கம் இழுத்துவிடலாம். பெயரே ‘மோதிரச் சால்வை’தான்!

அங்குள்ள ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவின் வண்ணப் பின்னலும் பிரபலம். ஸ்வெட்டரில் எத்தனை நிறம் இருந்தாலும், ஒரு வரிசையில் இரண்டு நிறங்கள் மட்டுமே வரும். ஒரு நிறம் முன்னால் வரும்போது இன்னொன்று பின்பக்கமாக ஓடும். அதனால் துணி இரட்டை கனமாகி, குளிரைத் தடுக்கும். பின்னாளில் எட்டாம் எட்வர்ட் மன்னரான இளவரசர், 1920-களின் தொடக்கத்தில் கோல்ஃப் மைதானத்துக்கு இந்த ஸ்வெட்டரைப் போட்டு வர, அது ஃபேஷனாகிவிட்டது.

சரி, பின்னிய பெண்களுக்கு என்ன கிடைத்தது?

முதுகில் அடுப்பெரிக்கும் கரிமண் கூடை, கையில் ஊசிகள். நடந்துகொண்டே பின்னினார்கள். இடுப்பில் கட்டிய தோல் பட்டையில் ஒரு ஊசியைச் செருகிக்கொண்டால் கை வேகமாக ஓடும். ஆனால் 19-ம் நூற்றாண்டில் அந்தச் சால்வைகளுக்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் காசு தரவில்லை. தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். அதை அக்கம்பக்கத்தில் மாற்றித்தான் மாவும் உருளைக்கிழங்கும் வாங்க வேண்டியிருந்தது. 1872-ல் அரசு விசாரணைக் குழு அங்கே போனபோது, பெண்களே நேரில் வந்து இதைச் சொன்னார்கள். இன்று நாம் பொழுதுபோக்கு என்று சொல்லும் வேலை, அவர்களுக்கு வயிற்றுப்பாடு.

நம் வீட்டிலும் ஒரு மழை வாரத்தில் முயன்று பார்க்கலாம். முதலில், கையில் இருப்பது அசல் கம்பளிதானா என்று பாருங்கள். கடையில் ‘உல்லன்’ என்று தருவதில் நிறைய அக்ரிலிக்தான். சின்னத் துண்டு நூலை இடுக்கியில் பிடித்து எரித்தால், கம்பளி முடி கருகும் வாசனையுடன் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். பிள்ளைகள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள்.

100 கிராம் வெள்ளைக் கம்பளி நூலைத் தளர்ந்த சிட்டமாகக் கட்டி, தண்ணீரில் ஊறவையுங்கள். சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் 10 கிராம் படிகாரத்தைக் கரைத்து, நூலைப் போட்டு, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெங்காயச் சருகை வேகவைத்து வடிகட்டிய நீரில் அதே நூலை இன்னொரு மணி நேரம் போட்டால், பொன் மஞ்சளோ ஆரஞ்சோ ஏறும். அடுப்பை அணைத்து, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். சூட்டில் போட்டுக் கிண்டினாலோ, சட்டென்று குளிர்ந்த நீருக்கு மாற்றினாலோ நூல் சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

பிறகு இரண்டு ஊசிகளுடன் ஒரு மஃப்ளர் பின்னத் தொடங்குங்கள். ஒரு சாண் நீளம் வருவதற்கு எத்தனை மாலைகள் ஆயின என்று எண்ணி வையுங்கள். அடுத்த முறை கையால் பின்னிய ஒன்றை யாரிடமாவது வாங்கும்போது, “கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்று வாய் வராது.