பெட்டிமேல் அச்சிட்ட வேகம்

அமெரிக்காவில் ஆகஸ்ட் பிறந்தால் விளையாட்டுச் சாமான் கடைகளில் ஒரு சுவர் முழுக்கக் குறுக்குவில்கள் ஏறிவிடும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் மான் வேட்டைக்கான வில் பருவம் தொடங்கும். அதற்குள் கைப்பழக்கம் வந்துவிட வேண்டுமென்று புதியவர்கள் கடைக்கு வருகிறார்கள். கிராஸ்போ எனப்படும் அந்த வில்லின் பெட்டிமேல், நிறுவனத்தின் பெயரையே சிறிதாக்கிவிடும் அளவுக்கு ஓர் எண் அச்சாகியிருக்கும்: 370, 400, 430, 470. அம்பு நொடிக்கு எத்தனை அடி பாயும் என்பதைச் சொல்லும் எண் அது. வந்தவர் அந்த எண்ணைப் பார்க்கிறார், பையிலுள்ள பணத்தைப் பார்க்கிறார், பணம் கொள்ளும் மட்டும் பெரிய எண்ணாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகிறார்.

வேகம் கூடினால் வில்லும் உசத்தி என்ற இந்த நம்பிக்கையைக் கடைக்காரர் ஊட்டுகிறார், விளம்பரம் ஊட்டுகிறது, நாலு பருவம் காட்டுக்குப் போய்வந்த நண்பரும் ஊட்டுகிறார். முதல் வில் வாங்குபவரைப் பொறுத்தவரை இது முழுக்க முழுக்கத் தவறு. காசு வீணாவதோடு போகாது. சில சமயம் கட்டைவிரலையும் கேட்கும்.

இந்த வேகப் பைத்தியத்துக்கு வயது அதிகமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் என்று பல மாநிலங்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த ஆயுதம் குறுக்குவில். 2009-ல் மிச்சிகனும் பென்சில்வேனியாவும் விதிகளைத் தளர்த்தின; 2014-ல் விஸ்கான்சின் இதற்கென்றே தனிப் பருவம் ஒதுக்கியது. திடீரென்று பெரிய சந்தை திறந்தது. சந்தை திறந்தால் போட்டி, போட்டி என்றால் எளிதில் ஒப்பிடக்கூடிய ஓர் எண் வேண்டும். அந்த எண்ணாக வேகம் அமைந்துவிட்டது. இன்று ரேவின் நிறுவனத்தின் ஆர்500, டென்பாயின்ட்டின் நைட்ரோ 505 போன்றவை நொடிக்கு 500 அடியைத் தொட்டுவிட்டன. விலை ஆயிரக்கணக்கான டாலர்.

சட்டம் கேட்பது எவ்வளவு என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மான் வேட்டைக்குரிய குறுக்குவில்லுக்குக் குறைந்தது 125 பவுண்டு இழுவிசை இருந்தால் போதும் என்கிறது பென்சில்வேனியா. விஸ்கான்சினுக்கு 100 பவுண்டே போதும். 2010-ல் தொடங்கிய 'தி வாக்கிங் டெட்' தொடரில் டேரில் டிக்சன் என்ற பாத்திரம் தோளில் மாட்டியிருந்த வில்லைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறைக்கே இந்த ஆயுதத்தின்மேல் ஆசை வந்தது. தொடக்கப் பருவங்களில் அவர் ஏந்தியது ஹார்ட்டன் ஸ்கவுட் எச்.டி. 125. அதன் இழுவிசையும் அதே 125 பவுண்டுதான். சிறிய உடற்கட்டுள்ளவர்களையும் மனத்தில் கொண்டு சந்தைக்கு வந்த வில் அது.

வேகக் கட்சியின் முதல் வாதம் வலிமை. மானை வீழ்த்த விசை வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், எவ்வளவு என்பதே கேள்வி. அம்பின் ஆற்றலை அடி-பவுண்டில் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு: அம்பின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 4,50,240-ஆல் வகுக்க வேண்டும். 400 கிரெய்ன் அம்பு 300 அடி வேகத்தில் போனால் 80 அடி-பவுண்டு வரும். அம்பு தயாரிப்பில் பழம்பெரும் நிறுவனமான ஈஸ்டனின் பட்டியல், மானுக்கு 25 முதல் 41 வரையும், எல்க், கருங்கரடி போன்றவற்றுக்கு 42 முதல் 65 வரையும் போதும் என்கிறது. ஆக, சந்தையில் இன்று 'மெதுவானது' என்று ஒதுக்கப்படும் 300 அடி வில்லே மானுக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு தருகிறது. 500 அடி வில்லில் அதே அம்பு 222 அடி-பவுண்டு தரும். மிஞ்சிய ஆற்றல் மானின் மறுபக்கம் வெளியேறி மண்ணில் புதைகிறது. 65 பவுண்டு ரிகர்வ் வில்லை வெறுங்கையால் இழுத்து அலாஸ்காவின் கோடியாக் கரடியையே வீழ்த்தியவர் ஃப்ரெட் பேர். வலிமை போதவில்லை என்று அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வாதம் கொஞ்சம் நுட்பமானது. நாண் விடுபடும் சத்தம் கேட்டதும் மான் சட்டென்று குனிந்து பாயத் தயாராகும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். வேகமான வில் இருந்தால் மான் அசைவதற்குள் அம்பு சேர்ந்துவிடும் என்பது கணக்கு. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,125 அடி. எந்தக் குறுக்குவில்லும் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. 40 கெஜத்தில், அதாவது 120 அடி தூரத்தில் நிற்கும் மானுக்குச் சத்தம் 0.11 நொடியில் கேட்டுவிடும். 500 அடி வேக அம்பு போய்ச்சேர 0.24 நொடியாகும். மானுக்கு 0.13 நொடி அவகாசம். இப்போது 300 அடி வில்லை எடுத்துக்கொண்டு 20 கெஜம் வரை நெருங்கிப் பாருங்கள்: அவகாசம் 0.15 நொடி. வித்தியாசம் கண்ணிமைப்பில் ஒரு துளி. ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து வாங்கும் சாதகத்தை, இருபது கெஜம் முன்னேறும் பொறுமை ஏறக்குறைய இலவசமாகவே கொடுத்துவிடுகிறது. வில் வேட்டை என்பதே நெருங்கும் கலைதான். தூரத்திலிருந்து சுட ஆசைப்பட்டவருக்குத் துப்பாக்கிப் பருவம் தனியாக இருக்கிறது.

மூன்றாவது வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. தூரத்தைத் தவறாகக் கணித்தால் வேகமான வில் மன்னிக்கும். எவ்வளவு மன்னிக்கும்? 30 கெஜத்துக்குக் குறிவைத்துவிட்டு மான் உண்மையில் 35 கெஜத்தில் நின்றால், 300 அடி வில்லின் அம்பு சுமார் மூன்றரை அங்குலம் தாழ்ந்து படும். 400 அடி வில்லில் இரண்டு அங்குலம். மானின் உயிர்நிலை ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம் என்பது வேட்டைக்காரர்கள் சொல்லும் அளவு. நடுவில் குறிவைத்தால் இரண்டு அம்புமே உள்ளேதான் விழும். இந்த ஒன்றரை அங்குலத்துக்காக வில்லின் விலையை இரட்டிப்பாக்குவதைவிட, தூரத்தைச் சொல்லும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றை வாங்கிக்கொண்டால் கணிப்பே தேவையில்லாமல் போகும்.

இழுவிசைப் பெருமையும் இப்படித்தான். 200 பவுண்டு வில், 225 பவுண்டு வில் என்று பேசுவார்கள். ரால்ப் பெய்ன்-கால்வே என்ற ஆங்கிலேயர் குறுக்குவில் வரலாற்றைப் பெரிய நூலாக 1903-ல் வெளியிட்டார். அவரிடம் 1,200 பவுண்டு இழுவிசை கொண்ட இடைக்கால இரும்பு வில் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு வேல்ஸின் மெனாய் நீரிணையைத் தாண்டி, 440 கெஜத்துக்கும் மேலே அம்பெய்து காட்டினார். இழுவிசை ஒன்றுதான் கணக்கு என்றால் இன்றைய வில்லைவிட ஆறு மடங்கு அது பாய்ச்ச வேண்டும். பாய்ச்சாததற்குக் காரணம், அந்த நாண் சில அங்குலமே பின்னால் போகும். வில்லின் இரும்புக் கைகளும் கனமானவை, மெதுவாகவே நிமிரும். நாண் எவ்வளவு தூரம் அம்பைத் தள்ளுகிறது என்பது இழுவிசைக்குச் சமமான கணக்கு. இன்றைய வில்கள் அந்தத் தூரத்தை நீட்டியும் கைகளை இலேசாக்கியும்தான் வேகம் பெறுகின்றன. ஆகவே பவுண்டை மட்டும் வைத்து இரண்டு வில்லை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

பெட்டிமேல் அச்சிட்ட எண்ணும் பெரும்பாலும் நிறுவனம் அனுமதிக்கும் இலேசான அம்பை வைத்து அளந்த எண். 400 கிரெய்னுக்கு 400 அடி காட்டும் வில், 450 கிரெய்ன் அம்பைச் சுமார் 380 அடியில்தான் விடும். ஸ்கோப் எனப்படும் குறிநோக்கியில், தூரக் கோடுகளை வில்லின் வேகத்துக்குப் பொருத்தும் வளையத்தை 400-ல் திருப்பி வைத்தால், 20 கெஜக் கோடு சரியாக இருக்கும், 40 கெஜக் கோடு பொய் சொல்லும். அம்பை மாற்றும்போதெல்லாம் ஒவ்வொரு கோட்டையும் அட்டையில் எய்து சரிபார்க்க வேண்டும் என்று யாரும் புதியவருக்குச் சொல்வதில்லை. எண்ணை மீட்டெடுக்க நினைத்து, நிறுவனம் குறித்த அளவைவிட இலேசான அம்பைத் தேடிப் பிடிப்பவர்களும் உண்டு. அம்பு வாங்கிக்கொள்ளாத ஆற்றல் வில்லுக்கே திரும்பும். வில்லின் கைகளில் விரிசல் விழும், கேபிள் அறும்.

அம்பே இல்லாமல் விசையை இழுப்பது இதைவிட மோசம். டிரை ஃபயர் எனப்படும் அந்த ஒரு தவறில் புது வில் குப்பைக்குப் போய்விடலாம். அம்பு இருந்தும் டிரை ஃபயர் நடக்கும். அம்பின் பின்முனையிலுள்ள நாக் அந்த வில்லுக்கு உரியதாக இல்லாவிட்டால், நாண் அதன் மேலேயோ கீழேயோ வழுக்கிவிடும். தட்டை நாக், பிறை நாக், நாணைக் கவ்விக்கொள்ளும் நாக் என்று பல வகை உண்டு. கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் போட வேண்டும். நாக் ஒரு பொட்டலம் சில டாலர்தான். 'எல்லாம் ஒன்றுதானே' என்று நினைத்தவருக்குச் செலவு அந்த வில்லின் விலை.

வேகத்தின் மெய்யான விலை நாணேற்றும்போதுதான் தெரியும். கால்வளையத்தைத் தரையில் வைத்து மிதித்து, நாணேற்றுக் கயிற்றைத் தண்டின் பின்னாலுள்ள பள்ளத்தில் பதித்து, இரண்டு கொக்கிகளையும் அம்பு கிடக்கும் தடத்தின் இருபுறமும் நாணில் மாட்டி, இரண்டு கைப்பிடிகளையும் ஒரே சீராக மேலே இழுக்க வேண்டும். 'டக்' என்று பூட்டு விழும்வரை நிறுத்தக்கூடாது. கயிறு இருந்தால் பாரம் பாதியாகும். 200 பவுண்டு 100 ஆகும். அந்தப் பாதியும் குளிரில் விறைத்த கைக்கும் ஐம்பது தாண்டிய இடுப்புக்கும் சின்னதல்ல. ஒரு பக்கம் கூடுதலாக இழுபட்டால் நாண் நடுவிலிருந்து நகரும். அம்பு இடதோ வலதோ சில அங்குலம் தள்ளிப் போகும். நாணில் தடத்தின் இருபக்கமும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஏற்றியதும் இரண்டு கோடும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது பழகியவர்களின் வழக்கம். சுற்றி நாணேற்றும் கிராங்க் வைத்த வில் இந்தத் தொல்லையைத் தீர்க்கும், எடையும் விலையும் கூட்டும். வெறும் கடைக் கவர்ச்சியில் வாங்கிய வில்லை ஏற்றவே முடியாமல், இரண்டாம் மாதமே பரணில் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

விரல் விஷயம் இன்னும் தீவிரமானது. முன்பிடியைப் பற்றும் கையின் கட்டைவிரல் தடத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால், நாண் அதை வெட்டாமல் போகாது. பல நிறுவனங்கள் இதற்காகவே முன்பிடியில் இறக்கை போன்ற தடுப்பு வைக்கின்றன. தடுப்பு நன்றாக இருக்கிறதா, பிடி தடத்துக்கு நன்கு கீழே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். வேக எண்ணைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

வீட்டிலேயே பராமரிக்க முடியுமா என்பதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கப்பியும் கேபிளும் கொண்ட காம்பவுண்ட் வில்லின் நாணை மாற்றக் கைகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் வேண்டும். பெரும்பாலும் கடைக்குத்தான் போக வேண்டும். கனடாவின் எக்ஸ்காலிபர் போன்ற நிறுவனங்கள் செய்யும் கப்பியில்லாத ரிகர்வ் குறுக்குவில்லுக்குத் துணைக்கயிறு ஒன்றிருந்தால் திண்ணையில் உட்கார்ந்தே நாண் மாற்றலாம். அது அகலமாக இருக்கும், மரத்தில் இடிக்கும், அதே வேகத்துக்கு இழுவிசையும் கூடுதலாகக் கேட்கும். குறைகள் இல்லாமல் இல்லை. கடையிலிருந்து நூறு மைல் தள்ளி வசிப்பவர் அந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்வார். பெட்டிமேல் இதைப் பற்றி ஒரு வரியும் இராது.

வேகத்துக்குப் போன பணம் துணைக்கருவிகளில் இல்லாமல் போகிறது. பெட்டியோடு வருவது இரண்டு அல்லது மூன்று அம்பு. ஒன்று தொலையும், ஒன்று வளையும். பழக மீதி எதுவும் இராது. வேக வில்லின் அம்பு மலிவான நுரை இலக்கில் உராய்வுச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடும். எந்த வேகம் வரை தாங்கும் என்று இலக்கின்மேலேயே போட்டிருப்பார்கள். வேகம் கூடினால் இலக்கின் விலையும் கூடும். அம்பின் நுனியில் அகன்ற பிளேடு மாட்டினால் அதே வேகம் அதைக் காற்றில் திருப்பிவிடும். பயிற்சி நுனியும் வேட்டை நுனியும் ஒரே எடையில், 100 கிரெய்ன் என்றால் இரண்டும் 100-ஆக இருந்தாலும், இரண்டும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்று எய்து பார்த்துத்தான் காட்டுக்குள் போக வேண்டும்.

முதல் வில்லுக்கு ஆயிரம் டாலர் வைத்திருப்பவர் அதில் பாதிக்குச் சற்று மேலே வில்லுக்கு ஒதுக்கட்டும்; 330 முதல் 370 அடிக்குள் தாராளமாகக் கிடைக்கும். மீதியில் ஒரே எடையுள்ள ஒரு டஜன் அம்பு, வில்லின் வேகம் தாங்கும் இலக்கு, நாணேற்றுக் கயிறு, நாணுக்கு மெழுகு, தடத்துக்கு எண்ணெய், ரேஞ்ச்ஃபைண்டர், வேட்டை முடிந்து மாலையில் எய்து நாணைத் தளர்த்துவதற்கென்று மழுங்கிய முனையுள்ள மலிவு அம்பு ஒன்று. நாணேற்றிய வில்லை வண்டியில் வைத்துக்கொண்டு போவது பல மாநிலங்களில் குற்றம். அந்த மலிவு அம்பில்லாதவர் மாலை நேரத்தில் திண்டாடுவார்.

கடைக்காரர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எண்ணைக் காட்டி விற்பதற்கு முன், வாங்குபவரைச் சுவரிலிருந்து வில்லை எடுத்து மூன்று முறை நாணேற்றச் சொல்லலாம். மூன்றாவது முறையும் இரண்டு பக்கமும் சமமாக ஏறியதா, கை நடுங்கியதா, கட்டைவிரல் எங்கே இருந்தது என்று கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்தே பார்த்துவிடலாம். அந்த மூன்று இழுப்பில் தோற்ற வில்லைச் சுவரில் திருப்பி மாட்டிவிட்டு, அதற்கு அடுத்த சிறிய எண்ணை எடுத்துக் கொடுப்பதில் கடைக்கு நஷ்டமில்லை. வில்லில் மிஞ்சும் பணத்தை அம்புக்கும் இலக்குக்கும் அவர் அதே கடையில்தான் செலவழிப்பார்.