14 ஷாட்ல 13 மிஸ்ஸு!

பின்தங்கி இருந்து ஜெயிச்ச அணியைப் பத்தி யார் எழுதினாலும் கடைசியில ஒரே நீதிதான். விடாமுயற்சி, தன்னம்பிக்கை, வெற்றி நிச்சயம். எனக்கு இதுல உடன்பாடே இல்லை மக்களே. தோத்தவனும் விடாமுயற்சியோடதானே ஆடினான்? அவன் ஊர்க் கடையில மட்டும் தன்னம்பிக்கை ஸ்டாக் தீர்ந்து போச்சா என்ன? :-)

என் கட்சி வேற. மெதுவா ஆரம்பிச்ச அணி ஜெயிக்குதுன்னா, பாதிக் காரணம் முன்னால போனவன் ஆடுறதை நிறுத்திட்டான். மீதிப் பாதி, பின்னால இருக்கிறவன் தனக்குத் தெரிஞ்ச ஆட்டத்தை மாத்தாம ஆடிக்கிட்டே இருந்தான்.

சும்மா சொல்லலை, சாட்சி இருக்கு. 1963 மார்ச் 23, அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து இறுதிப் போட்டி. இடம் லூயிவில். சின்சினாட்டி பல்கலைக்கழகமும் சிகாகோ லயோலாவும் மோதுறாங்க. (நுங்கம்பாக்கம் லயோலா இல்லீங்கோ. ரெண்டும் சேசு சபைக்காரங்களோடது, அவ்வளவுதான் உறவு.)

சின்சினாட்டி அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் சாம்பியன். எதிரணிக்குப் புள்ளி விட்டுக் கொடுக்கவே மனசு வராத இறுக்கமான தடுப்பாட்டம். லயோலா அப்படியே நேர்மாறு. ஓடு, பறி, போடு, திரும்ப ஓடு. ஆட்டத்துக்குச் சராசரியா 90 புள்ளிக்கு மேல எடுத்து, அந்த சீசன்ல நாட்டிலேயே முதலிடம். அந்தத் தொடரோட முதல் சுற்றுல டென்னசி டெக் அணியை 111-42ன்னு துவைச்சுக் காயப் போட்டிருந்தாங்க.

அப்படிப்பட்ட அணி இறுதிப் போட்டியில முதல் 14 ஷாட்ல 13ஐக் கோட்டை விட்டுது. இடைவேளையில 29-21. அப்புறம் இன்னும் மோசம், 45-30. பதினஞ்சு புள்ளி பின்னால! கேப்டன் ஜெர்ரி ஹார்க்னஸ் முதல் 35 நிமிஷத்துல ஒரு கூடை கூடப் போடலை. மொத்த ஆட்டமே 40 நிமிஷம்தான் சாமி.

இந்த இடத்துல நம்மாளுங்க என்ன செஞ்சிருப்போம்? "கேப்டனைத் தூக்கு, ரெண்டு பேரை மாத்து, மெதுவா ஆடு"ன்னு ஆளாளுக்கு யோசனை சொல்லியிருப்போம். பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாந்து ஒருத்தரைக் கூட மாத்தலை. ஆரம்பிச்ச அதே அஞ்சு பேர்தான் கடைசி வரைக்கும் ஆடினாங்க. ஆட்டமும் மாறலை. எதிராளியை நெருக்கிப் பந்தைப் பறிக்கிறது, ஓடுறது, கூடையைப் பார்த்துப் போடுறது.

மாத்தினது யாரு? சின்சினாட்டி. 15 புள்ளி முன்னிலை வந்ததும் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நேரத்தைக் கடத்த ஆரம்பிச்சாங்க. அப்போ ஷாட் கிளாக் கிடையாது, கல்லூரி ஆண்கள் ஆட்டத்துக்கு அது வந்ததே 1985-86 சீசன்லதான். அதனால விதிப்படி தப்பே இல்லை. முக்கியமான ஆட்டக்காரங்க மேல ஃபவுல் வேற ஏறிக்கிட்டு இருந்துச்சு, எச்சரிக்கையா இருக்கிறது புத்திசாலித்தனமாத்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா பந்தை வெச்சுக்கிட்டு நிக்கிறவன்கிட்டதான் பந்தைப் பறிக்க முடியும்!

கணக்கைப் பாருங்க, என் வாதமே இதுலதான் இருக்கு. சின்சினாட்டி 45 முறை கூடையைப் பார்த்து எறிஞ்சு 22 போட்டாங்க, கிட்டத்தட்டப் பாதி. லயோலா 84 முறை எறிஞ்சு 23தான் விழுந்துச்சு. நூத்துக்கு 27! பரீட்சைன்னா ஃபெயில். ஆனா சின்சினாட்டி 16 தடவை பந்தைப் பறிகொடுத்தாங்க, லயோலா மூணே தடவை. ஒரு பக்கம் குறி தப்பாதவன் எறியவே பயந்தான், இன்னொரு பக்கம் குறி தப்பினவன் எறிஞ்சுக்கிட்டே இருந்தான்.

கடைசி நாலு செகண்ட் இருக்கும்போது 54-52. அது வரைக்கும் திணறின ஹார்க்னஸே போட்டு சமன் செஞ்சார். கூடுதல் நேரத்துல 58-58, மணி அடிக்கப் போற நேரம். லெஸ் ஹண்டர் எறிஞ்சது தவற, திரும்பி வந்த பந்தை விக் ரவுஸ் உள்ளே தள்ளினார். 60-58. முடிஞ்சுது கதை.

இதுல விளையாட்டைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கு. லயோலாவோட அஞ்சு பேர்ல நாலு பேர் கறுப்பினத்தவர். ஒரே நேரத்துல ரெண்டு மூணு கறுப்பின ஆட்டக்காரங்களுக்கு மேல களத்துல விடக்கூடாதுன்னு எழுதாத சட்டம் ஓடிக்கிட்டிருந்த காலம் அது. இறுதிப் போட்டிக்கு எட்டு நாள் முன்னாடி, கிழக்கு லான்சிங்ல, மிசிசிப்பி ஸ்டேட்டோட ஆட்டம். கறுப்பினத்தவர் இருக்கிற அணியோட மோதக் கூடாதுங்கிறது மிசிசிப்பியோட வழக்கம். அதுக்காகவே 1959, 1961, 1962ல தங்கள் பிராந்தியத்துல முதலிடம் வந்தும் தேசியப் போட்டிக்குப் போகாம வீட்டுல உக்காந்திருந்த கல்லூரி அது. 1963ல தலைவர் டீன் கோல்வர்ட் "போகலாம்"னார். ஆளுநர் ராஸ் பார்னெட் எதிர்த்தார், கோர்ட்டுல தடை வாங்கினாங்க. தடை கைக்கு வர்றதுக்குள்ள பயிற்சியாளர் மாநில எல்லையைத் தாண்டிட்டார், அணியும் நைசா கிளம்பிடுச்சு!

ஹார்க்னஸுக்கு கு க்ளக்ஸ் க்ளான் மிரட்டல் கடிதங்களே வந்திருந்துது. ஆட்டத்துக்கு முன்னாடி அவரும் மிசிசிப்பி கேப்டன் ஜோ டான் கோல்டும் கை குலுக்கினப்ப கேமராக்கள் பளிச் பளிச்சுன்னு அடிச்சுது. அந்த ஆட்டத்துலயும் லயோலாவுக்கு மெதுவான ஆரம்பம்தான், 0-7. முடிவு 61-51, ஜெயம்.

மிசிசிப்பி அரசியல்வாதிங்க செஞ்சதும் சின்சினாட்டி செஞ்சதும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. நியாயத்துல பெரிய வித்தியாசம், தந்திரத்துல இல்லை. கையில இருக்கிறதைப் பிடிச்சுக்கிட்டு கடிகாரம் ஓடட்டும்னு நிக்கிறது. எட்டு நாள் கழிச்சு இறுதிப் போட்டியில ஆரம்ப வரிசையில இறங்கின 10 பேர்ல 7 பேர் கறுப்பினத்தவர் (சின்சினாட்டியில மூணு பேர்). கடிகாரம் வேற பக்கமா ஓடிடுச்சு.

"அண்ணே, இப்படி விடாம எறிஞ்சு தோத்த அணி ஆயிரம் இருக்கே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. எறிஞ்சுக்கிட்டே இருந்தா ஜெயிச்சுடுவோம்னு நான் சொல்லவே இல்லை. 13 தப்பினதுக்குப் பிறகும் இன்னும் 70 வாய்ப்பு இருந்துச்சு, அதைத் தாங்களே குறைச்சுக்கலைன்னுதான் சொல்றேன்.

இறுதிப் போட்டியில 15 புள்ளி பின்தங்கி ஜெயிச்ச அந்தச் சாதனை 59 வருஷம் நின்னுது. 2022ல கன்சாஸ் அணி வட கரோலினாவுக்கு எதிரா 16 புள்ளி பின்னால இருந்து, இடைவேளைக்கு அப்புறம் வேகத்தைக் குறைக்காம ஓடி 72-69ன்னு அதை முறியடிச்சுது.

அதனால மக்களே, அடுத்த தடவை யாராவது முதல் 14ல 13ஐ விட்டா, உடனே தீர்ப்பு எழுதிடாதீங்க. அவன் 15வதை எறியுறானான்னு மட்டும் பாருங்க. அப்படியே முன்னால நிக்கிறவனையும் ஒரு கண்ணு பாருங்க, பந்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கானா? அப்போ ஆட்டம் இன்னும் முடியலை.