ஒரே மேசை, ஆளுக்கொரு முக்காலி

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர் என்று ஒரு சிறிய நாடு. அங்கே 1977 மார்ச் 12 அன்று, அகிலாரெஸ் ஊரிலிருந்து எல் பைஸ்னாலுக்குத் திருப்பலி நிறைவேற்றப் போய்க்கொண்டிருந்த பாதிரியார் ருத்திலியோ கிராந்தே கரும்புக்காட்டு வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வண்டியில் உடன் வந்த எழுபது வயது கடந்த மனுவேல் சொலொர்சானோவும் சிறுவன் நெல்சன் லெமுசும் அவரோடு செத்தார்கள்.

எல் பைஸ்னால் அவருடைய சொந்த ஊர். 1928-ல் அங்கே ஏழை வீட்டில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாகி, குருமடத்தில் பாடம் சொன்னவர். அங்கேயே மரியாதையோடு காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1972-ல் அகிலாரெஸ் பங்குத்தந்தையாகப் போனார். அந்த வட்டாரத்தில் நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையில். கண்ணுக்கெட்டிய வரை கரும்பு. வெட்டுக் காலத்தில் கூலி, மற்ற மாதங்களில் பட்டினி. கரும்பு வெட்டக் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் போகிற நம் சனங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அவர் அங்கே துப்பாக்கி எதையும் கொடுத்துவிடவில்லை. ஊர் ஊராகப் போய் மக்களை உட்கார வைத்தார். படிக்கத் தெரிந்த ஒருவர் பைபிளில் ஒரு பகுதியை வாசிப்பார். 'இது நம் பிழைப்பைப் பற்றி என்ன சொல்கிறது?' என்பதுதான் கேள்வி. பதிலைப் பாதிரியார் சொல்லமாட்டார். கூலிக்காரர்கள் சொல்ல வேண்டும். தங்களை வழிநடத்துபவர்களையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். 'எல்லாம் சாமி விட்ட வழி' என்று கிடந்தவர்கள், இது ஆண்டை விட்ட வழி என்று கண்டுகொண்டார்கள். விவசாயிகள் சங்கத்திலும் பலர் சேர்ந்தார்கள். அதுதான் பண்ணையார்களுக்குப் பொறுக்கவில்லை. கம்யூனிஸ்ட் சாமியார் என்றார்கள். அவரோ திருச்சபையை எந்த அமைப்பின் கிளையாகவும் ஆக்கமாட்டேன் என்று சொல்லி, இளைஞர்கள் சிலரின் கோபத்தையும் வாங்கிக்கொண்டவர்.

கொல்லப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 13 அன்று, அபோபா ஊரில் பேசினார். வேறு நாட்டிலிருந்து வந்து உழைத்த ஒரு பாதிரியாரை அரசு நாடு கடத்தியிருந்த நேரம். இயேசுவே எல்லை தாண்டி இங்கே வந்தாலும் கலகக்காரன் என்று பிடித்துவிடுவார்கள் என்றார். உலகத்தின் பொருள் எல்லாருக்கும் பொது என்றார். அதற்கு அவர் காட்டிய படம் எளிமையானது: நீண்ட விரிப்பு போட்ட ஒரே மேசை, எல்லாருக்கும் எட்டுகிற சோறு, ஆளுக்கொரு முக்காலி.

அந்த முக்காலிதான் இந்தப் பத்தியில் அவரைப் பற்றி எழுத வைத்தது. தமிழகக் கத்தோலிக்கர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். ஆனாலும் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதியாகப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி எத்தனை ஆண்டுகள் பேச வேண்டியிருந்தது! அப்பம் பகிரும் பீடம் ஒன்றாம், புதைக்கிற மண் வேறாம்.

கிராந்தேயின் நண்பர் ஆஸ்கர் ரொமேரோ அப்போதுதான் பேராயராகியிருந்தார். அமைதியானவர், வம்புக்குப் போகாதவர் என்று பெயரெடுத்தவர். நண்பரின் உடலைப் பார்த்துவிட்டு வந்தவர், அடுத்த ஞாயிறு மறைமாவட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு திருப்பலிதான் என்று அறிவித்தார். பேராலயத்துக்கே எல்லாரும் வரவேண்டும். கொலையை விசாரிக்காத அரசின் விழாக்களுக்குப் போகமாட்டேன் என்றார், போகவும் இல்லை. 1980 மார்ச் 24 அன்று பீடத்தில் நின்றபோது அவரையும் சுட்டுக் கொன்றார்கள். நான் அறிந்தவரை, கொல்லப்பட்ட ஒருவருக்குச் செய்த மரியாதைகளில் பெரியது ரொமேரோ செய்ததுதான். மாலை போடுவதற்கு யாரும் அஞ்சவேண்டியதில்லை. அரசு விழாவின் முன்வரிசை நாற்காலியை வேண்டாம் என்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

ரொமேரோவுக்கு 2018-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. கிராந்தேக்கு 2022 ஜனவரியில் அருளாளர் பட்டம். அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கிழவருக்கும் அந்தச் சிறுவனுக்கும் சேர்த்தே. எல் பைஸ்னால் கோவிலுக்குள் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள், நடுவில் சுவர் இல்லாமல்.