கூண்டு கற்பிக்கும் பாடம்

"மிருகக்காட்சிசாலையைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஜீவகாருண்யம் தானே வரும்" என்று சாதித்தார் தென்காசி மைத்துனர். சரி, வரட்டுமே என்று அவர் பையனையும் அழைத்துக்கொண்டு செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் போனேன். 1857-ல் ஏற்பட்ட தோட்டம். அந்த மரங்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும்!

ஆனால், சிங்கவால் குரங்கின் முன்னால் நின்ற கூட்டம் எதைக் கற்றது? மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறு பிறந்தகம் அறியாத ஜாதி அது. மரத்துக்கு மரம் தாவியே வாழ்வது. அதைப் பார்த்துச் சீட்டியடித்தார்கள், பல்லை இளித்தார்கள். பையனும் இளித்தான்.

2023 ஜூனில், திருப்பதியிலிருந்து கொண்டுவந்த அனுமான் குரங்கு ஒன்று இங்கே திறந்துவிட்ட சமயத்தில் தப்பிவிட்டது. மூன்று வாரம் நகரத்து மரங்களில் திரிந்தது. கடைசியில் ஒரு கட்டடத்தின் கழிப்பறையில் பிடித்தார்கள். கூண்டைப் பற்றி வேறு சாட்சியும் வேண்டுமோ?

மறுநாள் குற்றாலம். ஐந்தருவிப் பாதையில் கம்பியுமில்லை, டிக்கெட்டுமில்லை. குரங்குகள் குட்டிகளோடு உட்கார்ந்திருந்தன. ஜீவகாருண்யம் கற்றுத் திரும்பிய பையன் சீட்டியடித்தான். சிப்ஸ் பொட்டலத்தை ஒன்றின் முகத்திலே வீசினான்.

மைத்துனருக்கு ஒரே பூரிப்பு. "பயல் எவ்வளவு சிநேகமாகிவிட்டான், பார்த்தீர்களா அத்தான்!"