எரிப்பது வேறு, பெயர்ப்பது வேறு

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலும், வாளையாரைத் தாண்டிய கோவைப் பட்டறைகளிலும், குமுளி - கம்பம் பக்கத்துப் பெயர்ப்பலகைக் கடைகளிலும் லேசர் எந்திரம் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது “எத்தனை வாட்?” என்றுதான். விற்பவரும் அதற்குத்தான் பதில் வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் பரப்பிலிருந்து பொருளை எடுக்கும் வேலைக்கு அது இரண்டாவது கேள்வி. எந்த அலைநீளம், எந்தப் பிளாஸ்டிக் என்பதே முதலில் கேட்க வேண்டியது.

நம் கடைகளில் ஓடுபவை பெரும்பாலும் 10.6 மைக்ரான் கார்பன் டை ஆக்சைடு லேசர்கள். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய வகை. இதன் ஒரு ஃபோட்டானில் இருப்பது ஏறக்குறைய 0.12 எலக்ட்ரான் வோல்ட். கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க 3.6 அளவுக்குத் தேவை. ஆகவே இந்த ஒளி பிணைப்பை நேரடியாக அறுப்பதில்லை, பொருளைச் சூடாக்குகிறது. மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொள்கிறது. அக்ரிலிக்கின் சங்கிலி அந்தச் சூட்டில் கழன்று மோனோமர் ஆவியாகப் பறந்துவிடும். அதனால்தான் விளிம்பு கண்ணாடிபோல் பளபளக்கிறது. (அந்த ஆவி தீப்பற்றக்கூடியது. எந்திரத்தை ஓடவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கத்தை விடுங்கள்.) பாலிகார்பனேட்டுக்கு அந்தக் குணம் கிடையாது, பழுப்பேறிக் கரிகிறது. வாட்டைக் கூட்டினால் கரிதான் கூடும்.

சென்னையில் பிறந்து படித்த ரங்கசாமி சீனிவாசன் காட்டிய வழி வேறு. அமெரிக்காவில் ஐபிஎம்மின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தில், 193 நானோமீட்டர் புறஊதா எக்சைமர் லேசரின் துடிப்புகளைப் பெட் (PET) பிளாஸ்டிக் படலத்தின்மீது அவர் செலுத்தினார். முடிவுகள் 1982-இல் வெளிவந்தன. இங்கே ஒரு ஃபோட்டானில் 6.4 எலக்ட்ரான் வோல்ட். ஒளி ஒரு மைக்ரானுக்கும் குறைவான ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அந்த மெல்லிய அடுக்கில் பிணைப்புகள் அறுந்து, துண்டுகள் வாயுவாக விரிந்து, வெப்பத்தின் பெரும்பகுதியையும் சுமந்துகொண்டு வெளியேறுகின்றன. துடிப்பு சில நானோநொடிகளே நீடிப்பதால், கீழே உள்ள பொருளுக்குச் சூடு பரவ நேரமில்லை. 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழியில் அவர் செய்த சோதனையும், சக ஆய்வாளர்கள் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன் சேர்ந்து தொடர்ந்த பணியும்தான் கண் சிகிச்சைக்கு வழிதிறந்தன. பாலக்காட்டிலிருந்து கோவைக்கு வந்து லேசிக் செய்துகொள்பவரின் கார்னியாவைச் செதுக்குவதும் அந்த 193 நானோமீட்டர்தான்.

எக்சைமர் வேலை முழுதும் வெப்பமே இல்லாதது என்று சொல்லவில்லை. 248, 308 நானோமீட்டர்களில் பாலிஇமைடு பெயர்வதில் வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள். பட்டறைக்குப் பயன்படுவது இன்னொரு விஷயம். ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஆற்றல் ஒரு வாசலைத் தாண்டும்வரை சொல்லத்தக்க பள்ளம் விழாது. தாண்டியபின்னும் ஒரு துடிப்பு தோண்டும் ஆழம் மடக்கை விதிப்படி மெதுவாகவே ஏறும். இருமடங்கு ஆற்றலுக்கு இருமடங்கு ஆழம் எதிர்பார்ப்பவருக்கு மின்கட்டணம்தான் மிச்சம்.

எக்சைமர் வாங்குங்கள் என்று யாரையும் தூண்டமாட்டோம். ஃபுளோரின் வாயுவும் அதன் பராமரிப்பும் சிறிய கடைக்குத் தாங்காது. 355 நானோமீட்டர் திடநிலை லேசர் இடைவழி. கார்பன் டை ஆக்சைடு வகையிலேயே தேர்வு உண்டு. இடுக்கியின் ஏலக்காய், தேயிலைப் பொட்டலங்களில் தேதி பொறிப்பவர்கள் பிஓபிபி படலத்துக்கு 10.2 மைக்ரானையும், பெட் என்றால் 9.3 மைக்ரானையும் கேட்டு வாங்கலாம். குறைந்த வாட்டிலேயே தெளிவாகப் பதியும்.

கடைசியாக பிவிசி. சன்போர்டு, ரெக்சின், ஃப்ளெக்ஸ் எல்லாம் பெரும்பாலும் அதுதான். சூடுபட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி எந்திரத்தின் தண்டவாளத்தை அரிக்கும், இயக்குபவரின் நுரையீரலையும் விடாது. இதற்கு ஏற்ற அலைநீளம் எதுவும் உங்கள் கடையில் இல்லை. அடையாளம் தெரியாத ஷீட் வந்தால், காற்றோட்டமான இடத்தில் செப்புக் கம்பியைச் சூடாக்கி ஷீட்டில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கலாம்; அந்த ஷீட் ரௌட்டருக்குப் போகட்டும்.