குளத்தில் வளரும் பிள்ளைகளின் மூச்சு

மார்கழிக் குளிரில் பிள்ளைக்கு இளைப்பு கண்டால், "நீச்சலில் சேர்த்துவிடுங்கள், தானே சரியாகிவிடும்" என்று யோசனை சொல்லாத உறவினர் மைசூரில் அபூர்வம். சரஸ்வதிபுரத்துப் பல்கலைக்கழக நீச்சல் குளத்துக்குப் பெற்றோர் ஸ்கூட்டரில் ஏற்றிவரும் சிறுவர்களில் சிலரேனும் வைத்தியத்தை உத்தேசித்து வந்தவர்களாயிருப்பர். இது மூடநம்பிக்கையன்று. ஈரப்பதமான காற்றைச் சுவாசிப்பதும், நீரின் பாரத்தை எதிர்த்து மார்பு விரிவதும் பிள்ளைகளுக்கு அனுகூலமானவையே; இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வும், அதிகம் நீந்திய பிள்ளைகளின் சுவாசத் திறன் சற்று மேலாகவே இருந்ததென்று 2011-இல் தெரிவித்தது.

ஆனால் வாரத்தில் இரண்டு நாள் விளையாட்டாக நீந்துகிற பிள்ளை வேறு. நீச்சல் வீரர் ஸ்ரீஹரி நடராஜையும், 14 வயதிலேயே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீந்திய தினிதி தேசிங்குவையும் இலட்சியமாகக் கொண்டு, விடியுமுன் ஒருமுறையும் பள்ளி விட்டபின் ஒருமுறையுமாக வருஷக்கணக்கில் குளத்திலேயே வளரும் பிள்ளை வேறு. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வாயின் ஓரம் நீர்ப்பரப்பை உரச, கண நேரத்தில் அப்பிள்ளை இழுக்கும் மூச்சு, கரையில் துண்டோடு நிற்கும் தாயார் சுவாசிக்கும் காற்றன்று. நீந்துவோரின் வியர்வையோடும், சொல்லக் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும், சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாகும் டிரைகுளோரமைன் என்னும் வாயு, நீரில் நன்கு கரையாமல் வெளியேறி அந்த நீர்மட்டத்தை ஒட்டியே தங்குகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடியைத்தான் குளம் சுத்தமாயிருப்பதற்கு அத்தாட்சியென்று நாம் மெச்சிக்கொள்கிறோம்!

பெல்ஜியத்தில் ஆய்வாளர் ஆல்ஃபிரட் பெர்னார்டு குழுவினர் 2003-இல் இவ்விஷயத்தில் எழுப்பிய எச்சரிக்கை, கூரையிட்டு மூடிய குளங்களைப் பற்றியது. வெயிலும் காற்றும் தாராளமாய்ப் புழங்கும் திறந்தவெளிக் குளங்களுக்கு அந்தப் பயத்தை அப்படியே இறக்குமதி செய்வது நியாயமாகாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பின்லாந்தின் அனுபவம். அங்கே தேர்ந்த நீச்சல் வீரர் 42 பேரை ஐந்தாண்டு கழித்து மறுபடி பரிசோதித்தபோது, போட்டி நீச்சலைத் தொடர்ந்தவர்களின் சுவாசக் குழாய் அழற்சி சற்றே ஏறியிருந்தது, விட்டவர்களுக்கோ தணிந்திருந்தது. இதனால் மூச்சுத்திறன் குறைந்தாலும் ஒருநாள் பரிசோதனையில் அது புலப்படாது. சாதாரணமாகவே நீச்சல் பிள்ளைகளுக்குச் சுவாசக் கொள்ளளவு அதிகமாதலால், அதில் ஒரு பங்கை இழந்த பிறகும் வயதுக்கும் உயரத்துக்கும் உரிய அட்டவணைப்படி "நார்மல்" என்றே சீட்டு வரும். அப்பிள்ளையின் போன வருஷத்து அளவை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இழப்பு தெரியும்.

அப்படி வைத்துப் பார்க்க நம்மிடம் என்ன இருக்கிறது? 50 மீட்டரை எத்தனை நொடியில் கடந்தான் என்பதை நூறில் ஒரு பங்குவரை எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகத்தில், மூச்சுக்கென்று ஒரு பத்தி இல்லை. நாட்பட்ட சுவாசத்தடை நோயைப் பல நாடுகளில் அளந்த சர்வதேச ஆய்வில் மைசூரின் சார்பில் பங்குகொண்ட ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரி இதே ஊரில் இருக்கையில், போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு வருஷத்தில் இருமுறை ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சளவுப் பரிசோதனை செய்வது அசாத்தியமான காரியமா? அதுவரை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில், இறங்குமுன் ஒருதரமும் கரையேறியபின் ஒருதரமும் ஊதச் சொல்லி எண்ணைக் குறித்து வைக்கலாம். இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லும் பலகையையும் யாராவது அமலுக்குக் கொண்டுவரலாம்.

அளந்தால் இளைப்பு வெளிப்பட்டுவிடுமே, பிள்ளையைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்களே, பெண்ணாயிருந்தால் நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சாகுமே என்று பெற்றோர் அஞ்சுவதை நான் அறிவேன். மருந்தே ஊக்கமருந்தாகிவிடுமோ என்ற பயத்துக்கும் பழைய உதாரணம் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வென்ற 16 வயது அமெரிக்கச் சிறுவன் ரிக் டிமான்ட், ஆஸ்துமாவுக்குச் சாப்பிட்ட மாத்திரையில் எபிட்ரின் என்னும் தடைசெய்யப்பட்ட ஊக்கப்பொருள் இருந்த ஒரே காரணத்தால் தங்கத்தை இழந்தான். அதுவும் தான் உட்கொள்ளும் மருந்தை முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தும்! இன்றைய ஊக்கமருந்து விதிகள் அவ்வளவு குருடானவையல்ல. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரை 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மிகாமல், தனி அனுமதியின்றியே உபயோகிக்கலாம். டாக்டர் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் அளவு இதற்கு வெகுதூரம் கீழே நிற்பது.